பிப்ரவரியில் முடிந்தது

குடைவை விட்டு ரயில் வெளியே வந்ததும்
வலப்பக்கம் முழுக்கக் கடல்.
"இங்கேதான் பார்க்கணும், இங்கேதான்" என்று
போர்தெனோனேயில் ஏறியதிலிருந்து சொல்லிவந்த துல்லியோ
சரியாக அந்த நிமிஷம்
மேல்தட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலைத்
தேடிக்கொண்டிருந்தார்.

த்ரியெஸ்தேயில் காப்பிக்கு வேறு பெயர்கள்.
கப்புச்சினோ கேட்டால்
கட்டைவிரல் உயரக் கோப்பையில்
பொட்டு வைத்ததுபோல் நுரை.
"நான் கேட்டது இதில்லை."
"நீங்கள் கேட்டது இதுதான்" என்றாள் கல்லாப் பெண்.
நீவெஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.
அவளுக்கு வயது எட்டு,
அப்பா தோற்கிற எதுவும் அவளுக்குத் திருவிழா.

சதுக்கத்துக்கு மூன்று பக்கம் மாளிகை.
நாலாவது பக்கம்
கட்டுவதற்குள் காசு தீர்ந்துபோனதுபோல
வெறும் தண்ணீர்.
மான்லியோவை நடுவில் நிற்கச் சொன்னேன்,
ஓரமாக நின்றான்.
படத்தில் அவன் பாதி,
ஒரு புறா முழுசாக.

வெள்ளைக் கோட்டையைப் பார்க்கவில்லை.
பேருந்து மூக்குக்கு முன்னால் போயிற்று,
அடுத்தது வருவதற்குள் பசி வந்துவிட்டது.

பன்றிக்கறிக் கடையில்
ஆள் உயரத்துக்கு ஆவி.
நாக்கு, விலா, கழுத்துக்கறி, தொத்திறைச்சி
எல்லாம் ஒரே அண்டாவில்
சண்டையில்லாமல் வெந்துகொண்டிருந்தன.
மேலே வெள்ளையாய்த் துருவிப் போட்டிருந்ததைச்
சீஸ் என்று நினைத்து
ஒரு கைப்பிடி வாயில் போட்டார் துல்லியோ.
காரவேர்.
மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கியது.
"அப்பா அழறார்!"
"வேர்" என்றார், "வேர்தான்."
மான்லியோ தன் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினான்.
சிரிக்காதவன் அவன் ஒருவன்தான்.

மூன்று மணிக்குக் கடற்கரை.
கூழாங்கல் கரையை இரண்டாக வெட்டி
வெள்ளைச் சுவர் ஒன்று
தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் நடந்து போகிறது.
அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள்.
சின்னப் பிள்ளைகள் அம்மாவோடு.
போன கோடையில் அவன் எங்கள் பக்கம்.
என் முதுகில் அவசரமாகக் களிம்பு தடவிவிட்டு ஓடினான்,
விட்ட இடமெல்லாம் வெந்து
ஒரு வாரம் வரிக்குதிரையாகத் திரிந்தேன்.

"பையனுக்கு என்ன வயது?"
"பதினொன்று" என்றேன்
சில்லறையை எண்ணிக்கொண்டே.
"பன்னிரண்டு.
பிப்ரவரியில் முடிந்தது."
சொல்லின் நடுவில் குரல் உடைந்து
அடித்தொண்டையில் போய் உட்கார்ந்தது.
சீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.
இரண்டை இந்தப் பக்கமும்
இரண்டை அந்தப் பக்கமும் கிழித்தார்.
அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
தன் அப்பாவைவிட முன்னால் நடந்தான்.

எங்கள் பக்கம் சீட்டாட்டம், எண்ணெய் வாசனை,
கவலையே இல்லாத தொப்பைகள்.
ஒருத்தி சுவரைப் பார்த்துக் கத்தினாள்:
"வண்டிச் சாவி எங்கே?"
"உன் பையில்!" என்றது சுவர்.

பிளம்ஸ் எட்டு வாங்கியிருந்தேன், ஆளுக்கு இரண்டு.
அவர்கள் பங்கை எடுத்துக் கொடுக்க மறந்திருந்தேன்.
"மான்லியோ, பிடி!"
முதல் பழம் சுவரில் சிவப்பாய்க் கறை வைத்துவிட்டு
என் காலடிக்கே வந்தது.
இரண்டாவது தாண்டியது.
கல்லில் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
இல்லை.
ஆண்குரல்கள், ஒரு சிரிப்பு,
அப்புறம் அலை.

நீவெஸுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பதாக
நடித்துக்கொண்டிருந்தபோது
சுத்தமாகச் சப்பிய கொட்டை ஒன்று
வெயிலில் ஒரு குட்டிக்கரணம் போட்டு
எங்கள் செருப்புகளுக்கு நடுவில் விழுந்தது.
குறி பார்த்து எறிந்ததா, தற்செயலா,
யார் வாயிலிருந்து?
சீட்டாடிய பெண்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள்.

திரும்பும் ரயிலில் கேட்டேன்.
"எந்தப் பழம்?" என்றான்.
துல்லியோ வாயைத் திறந்தார்.
முழங்கை ஒன்று அவர் விலாவில் இடித்தது.
மூடிக்கொண்டார்.
அப்புறம் இருவரும்
இடப்பக்கக் கடலையே
வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்,
இருட்டிய பிறகும்.

மறுநாள் ரொட்டிக்கடையில்
பர்ஸைக் கவிழ்த்தபோது
நாணயங்களோடு அதுவும் உருண்டது.
"இது செல்லாது" என்றாள் கடைக்காரி.
தெரியும் என்று சொல்லி
எடுத்துக்கொண்டேன்.